மெல்ல ஊதச் சொன்ன வாரம்

1

புதுச்சேரி சாரத்திலிருந்து என் தங்கை அஞ்சலை போன் செய்தால் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு கத்துவாள். நான் பிரான்சுக்கு வந்த புதிதில் அவள் பக்கத்துத் தெரு எஸ்.டி.டி. பூத்தில் நின்று கத்துவாள், நான் பாரிசுக்கு வெளியே ஒரு ரயில் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கத்துவேன். இப்போது கையிலேயே போன் இருக்கிறது, முகமே தெரிகிறது, ஆனாலும் இரண்டு பேரும் குரலைக் குறைக்கவில்லை. நடுவில் கடல் இருக்கிறதல்லவா, அது பாட்டுக்கு மனதில் இருக்கிறது.

சித்திரை மாதம் ஒரு நாள் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ண்ணா, கௌசிக்கு நாள் குறிச்சாச்சி. ஆவணில கல்யாணம். மாப்ள மேட்டுப்பாளயத்துல கம்பெனி வேல. டிக்கெட்டு போட்டுடு. இந்த தடவ வந்துடுவல்ல?"

"வந்துட்றேம்மா."

"ரெண்டு தடவயும் இதத்தான் சொன்ன."

கௌசி அஞ்சலையின் ஒரே மகள். நான் அவளுக்குத் தாய்மாமன். எங்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அஞ்சலையை வளர்த்ததும் கட்டிக் கொடுத்ததும் நான்தான். அதனால் எனக்குக் கல்யாணமே முப்பத்தெட்டு வயதில்தான் நடந்தது. அவளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. அவள் பெண்ணுக்கு நான் ஒரே மாமன். அந்த ஒரே மாமன் இரண்டு முறை வராமல் போனான்.

முதல் முறை கௌசிக்கு வீராம்பட்டினத்தில் காது குத்தினார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்போது என் குடியிருப்பு அட்டை தீர்ந்துபோய், புது அட்டை வரும்வரை வைத்துக்கொள் என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தோடு நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வருவது உறுதியில்லை என்றாள் அலுவலக ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள். எனக்கு அப்போது பிரெஞ்சில் மூன்று வார்த்தைகள்தான் தெரியும். 'வுய்', 'சவா', 'பா தெ ப்ரொப்லெம்'. ஆமாம், நல்லா இருக்கேன், ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாவதைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "இருக்கிறது ஐயா, பிரச்சினை இருக்கிறது" என்றாள்.

இரண்டாவது முறை அவள் பெரியவளான சடங்கு. அதற்குள் நான் பிரெஞ்சுக் குடிமகன் ஆகிவிட்டேன். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்குச் சான்று கொண்டுவந்தால்தான் விசா என்றார்கள். பிறந்த ஊர் புதுச்சேரி என்று புது பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த ஊருக்குப் போக விசா. அது சடங்கு முடிந்து ஒன்பதாம் நாள் தபாலில் வந்தது.

இரண்டு முறையும் என் இடத்தில் உட்கார்ந்தவன் எங்கள் சித்தப்பா மகன் கோதண்டம். அதைச் சொல்லிச் சொல்லியே அவன் பாதி ஆயுளை ஓட்டிவிட்டான். "அண்ணனோட மடி பிரான்சுல கீது. எம்மடிய வாடகைக்கு வுட்டேன்" என்று ஊர் முழுக்கச் சொல்வான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அஞ்சலை சிரிக்க மாட்டாள்.

2

இந்த முறை காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. விசாவுக்குப் பதில் ஆயுசுக்கும் செல்லும் அட்டை வாங்கியாகிவிட்டது. டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. சரியில்லாதது என் மூச்சு ஒன்றுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறு வயதிலிருந்து ஆலையில் வேலை செய்தவன் நான். பஞ்சுப் பொதியைப் பிரித்து உடைக்கிற ப்ளோ ரூமில். உள்ளே நின்றால் பஞ்சுத் தூசியில் பக்கத்தில் நிற்பவன் முகம் பனியில் தெரிவது போலத் தெரியும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டுவது போல இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். தூசி இறங்க வெல்லம் கொடுப்பார்கள். தின்றுவிட்டு நிற்போம். ஷிப்ட் முடிந்தால் நாங்கள் எட்டுப் பேர் பேண்டு செட்டுக்குப் போய்விடுவோம். எனக்கு கிளாரினெட். கல்யாணம், சாவு, தேர், கட்சி ஊர்வலம், பழைய பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாக்கள் செத்தால் அவர்கள் வீட்டு ஊர்வலம். அப்படி ஒரு சொல்தா வீட்டுக்கு ஊதப் போன பழக்கத்தில்தான் அவர் மகள் ரஞ்சிதத்தை எனக்குப் பேசினார்கள். அவளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. ஆலையில் அப்போது மாதத்தில் பாதி நாள் வேலை இல்லை. வந்துவிட்டேன். இங்கே ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் தட்டு கழுவினேன். ரஞ்சிதம் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். அதற்குப் பிறகு மகளோடு இருக்கிறேன். சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

மூச்சு. எங்கள் கட்டிடத்தில் லிப்ட் அடிக்கடி ரிப்பேர். வீடு மூன்றாவது மாடி. முதல் மாடி திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிவேன். இரண்டாவது மாடியில் சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படிப்பேன். குப்பையை எந்தக் கிழமை எந்த டப்பாவில் போட வேண்டும் என்று இந்தக் கட்டிடத்தில் என்னைப் போலத் தெரிந்தவன் கிடையாது.

குளிர்காலத்து இருமல் நிற்கவில்லை என்று, பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு சான்று வாங்கியாக வேண்டும் என்றாள் மகள். போனேன். விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினார்கள். நான் உதட்டைக் குவித்து, கிளாரினெட் வாயில் இருப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டேன். எண் ஏறிவிட்டது. முதுகில் குழாய் வைத்தபோது அதைவிட மெல்ல விட்டேன். வேகமாக விட்டால்தான் உள்ளே விசில் அடிக்கும், மெல்ல விட்டால் அடிக்காது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். "சவா?" என்று கேட்டார். "சவா" என்றேன்.

3

என் மகள் பெயர் காகிதத்தில் சில்வி, வீட்டில் செல்வி. அவள் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. அஞ்சலையிடம் 'பாட்டு கம்பெனி' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பாட்டு இல்லை. பாட்டுக்கு முந்தின பொருள்.

சினிமாவுக்கு இசை போடுகிறவர்கள் எல்லோரும் நூறு பேரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல முடியாதாம். கம்ப்யூட்டரில் கட்டையை அழுத்தினால் நிஜமான புல்லாங்குழல், நிஜமான கிளாரினெட் சத்தம் வர வேண்டும். அதற்கு ஒவ்வொரு வாத்தியத்திலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பிடித்து வைக்கிறார்கள். நம் வீட்டில் மிளகாய், தனியா, மஞ்சள் என்று டப்பா டப்பாவாக வைப்பது போல. குழம்பை வேறு யாரோ வைத்துக்கொள்வார்கள்.

போன வருஷத்திலிருந்து, வீட்டில் தனியாக விட வேண்டாம் என்று, ஒலிப்பதிவு நடக்கும் வாரங்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ஒரு பழைய தேவாலயம், இப்போது பூசை கிடையாது. என் வேலை சத்தத்தை நிறுத்துவது. காலையில் போனதும் சமையல் மூலையில் இருக்கிற ஃபிரிட்ஜை நிறுத்துவேன். ஹீட்டரை நிறுத்துவேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவேன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு காலுறையோடு நடப்பேன். மேலே விமானம் போனால் கையைத் தூக்குவேன், எல்லோரும் காத்திருப்பார்கள். சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று அஞ்சலை கேட்டாள். சம்பளம் இல்லை, மதியம் சாப்பாடு உண்டு என்றேன்.

வைகாசியில் மரக்குழல் வாத்தியங்களின் வாரம். எலேன் என்ற அம்மாள் கிளாரினெட் வாசித்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். ஒரே ஒரு சுரம். அதை மிக மெல்ல நீளமாக. பிறகு அதையே கொஞ்சம் கூட்டி. பிறகு நடுத்தரம். பிறகு பலமாக. நாலு பலம். ஒவ்வொன்றும் நாலு தடவை, ஏனென்றால் அதே சத்தம் அடுத்தடுத்து வந்தால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடுமாம். பிறகு அடுத்த சுரம். காலை முழுக்க ஏழு சுரம் கூட முடியவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். மதியம் சாப்பிடும்போது கேட்டேன்.

"எதுக்கு இவ்ளோ பாடு? பலமா ஊதறத ஒரு தடவ புடிச்சிக்கினு, அப்புறம் சத்தத்தக் கொறச்சிக்க வேண்டியதுதான?"

செல்வி ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். எலேன் பலமாக ஊதியதைச் சத்தம் குறைத்துக் கேட்க வைத்தாள். பிறகு அதே சுரம் மெல்ல ஊதியது. இரண்டும் ஒரே அளவுதான் கேட்டன. ஆனால் முதலாவது, யாரோ தூரத்தில் நின்று கத்துகிற மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு தகரத்தின் கூர். இரண்டாவது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி. உருண்டையாக, உள்ளே காற்று மட்டும் இருப்பது போல.

"தெரியுதா பப்பா? சத்தம் வேற, பலம் வேற" என்றாள்.

ஐம்பது வருஷமாக அந்த வாத்தியத்தைத் தெரியும் எனக்கு. அது தெரிந்ததில்லை.

4

அந்த வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தது. "பப்பா, ஒன்னோட கிளாரினெட்ட நாளைக்கு எடுத்துகினு வா. பழைய சவுண்டு. தனியா ஒரு சின்ன டப்பா போடலாம். பன்னெண்டு சுரம், நாலு பலம்" என்றாள் செல்வி.

அவளுக்குத் தமிழ் இவ்வளவுதான் வரும், ஆனால் சாரத்துத் தமிழ், என்னிடமிருந்து வந்தது. எண்களை மட்டும் பிரெஞ்சில் எண்ணுவாள்.

இரண்டு வருஷமாக நான் அதைத் தொடவில்லை. ஊதுவாயில் கட்டுகிற ரீடு சரியில்லை, பல் சரியில்லை என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். ரீடு எலேனிடம் இருந்தது, பல் போன வருஷம்தான் கட்டினேன். சாக்கு தீர்ந்துபோனது. பன்னிரண்டு சுரம்தானே, பலமாக ஊதிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் கிளாரினெட்டைப் பார்த்து எலேனுக்கு ஒரே சந்தோஷம். தக்கை போன மூட்டுகளில் நான் ஆலை நூல் சுற்றியிருந்தேன். விரிசலில் ரஞ்சிதத்தின் நகப்பாலிஷ். "இது ரத்தமா?" என்று கேட்டாள் எலேன். "ரோஸ் நம்பர் இருபத்திரண்டு" என்றேன்.

பலமாக ஊதுவது சுலபமாக முடிந்தது. சுரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பிடிக்கிறேன் என்று மூன்று தடவை நிறுத்தினார்கள். காலால் தாளம் தட்டுகிறேன் என்று ஒரு தடவை. நெஞ்சு எரிந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டேன். நாற்பது பேர் இழுத்துப் போகிற தேருக்கு முன்னால் ஊதின வாய் அல்லவா. எலேன் கைதட்டினாள்.

"இப்ப மெல்ல, பப்பா" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது.

நான் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மைக்குக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அதே பலத்தில் ஊதினேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்வியின் சிரிப்பு.

"பப்பா! நீ ஏன் திரும்பின?"

"மெல்லன்னு சொன்னியே!"

அவளுக்குப் புரியவில்லை. விளக்க வேண்டியிருந்தது. சாவு வீட்டில் பேண்டு வாசித்துக்கொண்டிருப்போம். சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவார்கள், பெரியவர்கள் ஏதோ பேச வேண்டும். பேண்டை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கூலியில் கை வைப்பார்கள். மாஸ்டர் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக் காட்டுவார். உடனே நாங்கள் எட்டுப் பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அதே பலத்தில் ஊதுவோம். எங்களுக்கு மெல்ல என்றால் அதுதான். தெரு வாத்தியத்துக்கு வேறு மெல்ல கிடையாது. ஊதுகிற பலத்தைக் குறைத்தால் சுரம் ஆடும், பக்கத்து டிரம்மில் காணாமல் போய்விடும்.

எலேன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, இங்கே சம்பந்தி யாரும் இல்லை. திரும்பி உட்காருங்கள்" என்றாள்.

திரும்பி உட்கார்ந்தேன்.

5

மெல்ல ஊதுவதற்குத்தான் அதிக மூச்சு வேண்டும். அதைப் புத்தகம் படித்தவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று தெரியாது. பலமாக ஊதும்போது மூச்சைத் தள்ளிவிட்டால் போதும், அது ஓடிப் போகும். மெல்ல ஊதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். நிறைந்த குடத்தை வழியவிடாமல் சாய்க்கிற மாதிரி. குடம் நிறைந்திருக்க வேண்டும், முதலில்.

முதல் சுரம் வந்தது. கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியம். எட்டு நொடி பிடிக்கச் சொன்னார்கள், நாலில் அறுந்தது. மறுபடி. மூன்றில் அறுந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. அந்த தேவாலயத்தில் ஃபிரிட்ஜ் இல்லை, ஹீட்டர் இல்லை, காலடி இல்லை. சத்தம் வரக்கூடிய எல்லாவற்றையும் காலையில் நான்தான் நிறுத்தியிருந்தேன். நிறுத்தாத ஒன்று என் நெஞ்சுக்குள் இருந்தது.

ஐந்தாவது சுரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். செல்வி சிரிக்கவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் பப்பா. நல்லா இருக்குது" என்றாள்.

ஐந்துதான் ஆகியிருந்தது. பன்னிரண்டு கேட்டிருந்தாள்.

6

மூன்று நாள் செல்வி அந்தப் பதிவுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் மாலை, சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து என்னைக் கூப்பிட்டாள். அவள் வேலையில் பாதி, வெட்டுவது. சுரத்துக்கு முன்னால் வருகிற மூச்சை வெட்டி எறிவாள், பின்னால் வருகிற நாற்காலிச் சத்தத்தை வெட்டி எறிவாள், நடுவில் இருப்பதை வைத்துக்கொள்வாள்.

"இது எலேன்" என்றாள். 'ஹ்' என்று ஒரு சின்னச் சத்தம். துணி உதறினது போல. "இது நீ."

நான் கேட்டேன். கொக்கியில் தொங்குகிற பழைய கதவு காற்றில் ஆடுவது போல இருந்தது. அதற்கு அடியில் ஒரு விசில், அதற்கும் அடியில் இன்னொன்று. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ப்ளோ ரூமில் என்னோடு நின்ற கண்ணுசாமி பெரியாஸ்பத்திரியில் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். அவன் சத்தம் அது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

"கொஞ்சம் நாளா."

"எத்தன நாளா பப்பா?"

"அம்மா போய்ட்ட வருஷத்துலேந்து."

"டாக்டர் சவான்னு எழுதினாரே? மிஷின்ல நம்பர் வந்துதே?"

சொல்லிவிட்டேன். உதட்டைக் குவித்தது, மெல்ல விட்டது, இரண்டாவது மாடி அறிவிப்பு எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. பிரெஞ்சில் ஏதேதோ கத்தினாள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். எனக்குப் பாதி புரிந்தது. பாதி போதும்.

"டாக்டர்கிட்ட மெல்ல வுட தெரியுது. மைக்குல வுட தெரியல" என்று கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

"அங்க ஊதல இல்ல. சும்மா உக்காந்துகினு இருந்தேன்."

"பிளேன்ல செத்துப்போயிருப்ப."

"கௌசி கல்யாணத்த பாத்துட்டுன்னா பரவால்ல. போம்போது செத்தாதான் வீண்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள், ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "ஏன் சொல்லல?" என்றாள்.

ஏன் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். அது மட்டும் இல்லை. காது குத்துக்கு ஜன்னலில் இருந்தவள் நிறுத்தினாள். சடங்குக்குத் தூதரகம் நிறுத்தியது. அப்போதெல்லாம் அஞ்சலையிடம் சொல்ல ஒரு காகிதம் இருந்தது. 'அவங்க வுடல' என்று சொன்னேன். இந்த முறை பழி போடக் காகிதம் இல்லை, வராமல் போகப்போவது நானே.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூச்சை அளக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து ஊதச் சொன்னார்கள், அங்கே மெல்ல ஊதி ஏமாற்ற முடியாது. சின்ன வயசு டாக்டரம்மாள். எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவினேன் என்றேன். அதற்கு முன்னால் என்றாள். முப்பது வருஷத்தில் இந்த நாட்டில் என்னை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள். விமானம் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது, இரண்டு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். லிப்ட் அன்றைக்கும் ரிப்பேர்.

7

அஞ்சலையிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. வீடியோவை நிறுத்திவிட்டு வெறும் குரலில் கூப்பிட்டேன், மூக்கில் குழாய் இருந்ததால்.

"என்னா ண்ணா, பொடவ எடுத்துட்டியா? மாமன் சீர் பொடவ அரக்கு கலரா இருக்கணும்னு சொல்றா அவ. கேக்குதா?"

"கேக்குது. அஞ்சல..."

"சத்தமா பேசு."

"சத்தமா பேச முடியல."

அவள் நிறுத்தினாள். எங்கள் வாழ்க்கையில் அவள் போனில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். சொன்னேன், துண்டு துண்டாக. ஆலை, மூச்சு, டாக்டர், மறைத்தது. அந்தப் பக்கம் ஆட்டோ போனது, யாரோ அவளிடம் மாவு கேட்டார்கள், அவள் "இரு" என்றாள்.

"மறச்சிகினு வரப் பாத்தியா?" என்றாள்.

"ஆமா."

"எதுக்கு?"

"கோதண்டம் மூணாவது தடவயும் ஒக்காரக் கூடாதுன்னு."

பிறகு, மெல்ல, எனக்குத் தெரியாத ஒரு குரலில் பேசினாள். கத்தாத அஞ்சலைக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. "நான் அவன ஒக்கார வெக்கல ண்ணா. நீ வரலியேன்னு ஒக்கார வெச்சேன். ஒங்கிட்ட கோவிச்சிகினு பேசனது, எனக்கு வேற யாரு கீறாங்க கோவிச்சிக்க?"

செல்வி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "அத்த, நான் வரேன். பொடவ நான் எடுத்துகினு வரேன்."

"நீயா? பொட்டப்புள்ள மாமன் சீர் தூக்குமாடி?"

"தூக்குவேன். எனக்கு வெயிட் தூக்க தெரியும். ஸ்பீக்கர் தூக்குவேன்."

அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு என் மகள் புதுச்சேரிக்குப் போகவில்லை. வா வா என்று நான் கூப்பிட்ட வருஷங்களில் எல்லாம் அவளுக்கு வேலை இருந்தது. அவளுக்கு விசா மூன்று நாளில், கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டது.

போகிற அன்று காலையில் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் என் பலமான சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். மெல்ல ஊதியதில் ஐந்தும் பாதியில் அறுந்திருப்பதால் பிரயோசனம் இல்லை. இனி எங்கேயோ ஒரு படத்தில் ஒரு தெரு வாத்தியம் அலறினால் அது நானாக இருக்கலாம்.

"மெல்ல ஊதினதெல்லாம் அழிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள். "வெட்டாம வெச்சிருக்கேன்."

8

முகூர்த்தம் அங்கே ஒன்பது மணிக்கு. இங்கே விடியற்காலை ஐந்தரை. நான் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, மேஜையில் போனை வைத்து உட்கார்ந்திருந்தேன். மூக்கில் குழாய். இயந்திரத்தை நிறுத்தக் கூடாது என்று ஊரிலிருந்து மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தாள் செல்வி. அதை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன், குழாய் நீளமாகத்தான் இருக்கிறது. பிறகு ஃபிரிட்ஜை நிறுத்தினேன்.

படம் கொஞ்ச நேரம் வந்தது. என் மகள் அரக்குப் பட்டுத் தட்டோடு நடந்து போவதைப் பார்த்தேன், புடவையை யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள், ஷூ போட்டு நடப்பது போல நடந்தாள். கோதண்டம் குறுக்கே வந்து முகத்தைக் காட்டினான். கிழவன் ஆகிவிட்டான். "அண்ணே, எம்மடி இந்த தடவ லீவு!" என்று கத்தினான். பிறகு நெட் போய் படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் இருந்தது.

மணமகள் அறையிலிருந்து மணைக்கு மாமன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மேளக்காரர்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். கையைப் பிடிக்க யார் வருவது என்று யாரோ கேட்டார்கள். அஞ்சலையின் குரல், வழக்கம் போல மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல்: "யாரும் வரத் தேவல்ல. அந்த போன குடுடி அவ கைல!"

போன் கை மாறுகிற சத்தம். வளையல் உரசியது. நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நல்லா இரும்மா என்று சொல்லத்தான். விசில்தான் முன்னால் வந்தது.

"லைன்ல இருக்கீங்களா மாமா?" என்றாள் கௌசி. வாயை ஒட்டி வைத்துப் பேசினாள், அத்தனை மேளத்துக்கும் நடுவில் அவள் மெல்லத்தான் பேசினாள். "பேசாதீங்க. மூச்சு கேக்குது. அது போதும். அப்பிடியே வுட்டுகினு இருங்க, நான் நடக்கறேன்."

உதட்டைக் குவித்தேன். அந்த அறையிலிருந்து மணைக்கு எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. பதினொரு மூச்சு விட்டேன். பதினொன்றாவதில் கெட்டி மேளம் கொட்டினார்கள்.